செம்புக் கம்பிக்கு நிக்கல் தோல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்காலைத் தவிர. அவ்வளவு தூரத்தில் நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

ஆய்வுக்கூடத்தில் போன வாரம் நடந்த கூத்தை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். நான் அங்கே செம்பில் நானோ கம்பி செய்கிறேன் அல்லவா, தலைமுடியை ஆயிரமாகப் பிளந்தால் ஒரு பிளவு எவ்வளவோ அவ்வளவு மெல்லிசு, செம்பு உப்பு கரைந்த நீலக் கரைசலைப் பக்குவமாகச் சூடாக்கினால் செக்கச் செவேலென்று பஞ்சுபோல மிதக்கும். இதை அப்பா மாடி வீட்டு எலெக்ட்ரீஷியனிடம் பெருமையடிக்கப் போக, அவர் இறங்கி வந்து, "அக்கா, காலிங் பெல்லுக்கு ஒரு ரெண்டு மீட்டர் கிடைக்குமா?" என்று கேட்டார். ஒரு கம்பி எறும்பு மீசை நீளம்கூட வராது என்று புரியவைப்பதற்குள் என் தொண்டை வறண்டுவிட்டது. இந்தக் கம்பிக்கு ஒரே வியாதி, காற்றுப் பட்டே கறுத்துப்போகும், பிறகு மின்சாரம் ஓடாது. மேலே நிக்கலில் ஒரு தோல் போர்த்திவிடலாம் என்று பேராசிரியரிடம் மூன்று மாதமாகச் சொன்னேன், "அதெல்லாம் எதுக்கும்மா, வீண் வேலை" என்றார். நானே பாதிக் கம்பியை நிக்கல் உப்போடு மறுபடி சூடாக்கித் தோல் போர்த்தி, பிளாஸ்டிக் தாளில் பூசி என் டிராயரில் வைத்தேன். சொல்லாமல் செய்தது தப்புதான்.

வியாழக்கிழமை ஐந்து பேர் வந்தார்கள், ஆய்வுக்கூடத்தை நடத்துவதா மூடுவதா என்பது அவர்கள் கையில். பேராசிரியர், தோல் போர்த்தாத மீதிக் கம்பியைப் பூசிய தன் தாளை விளக்கோடு இணைத்து ஸ்விட்சைப் போட்டார், எரியவில்லை. தட்டினார், திருப்பினார், கடைசியில் வாயால் ஊதினார், அடுப்பா அது, நீயே சொல். பிறகு என்னைப் பார்த்தார். டிராயரைத் திறந்து என் தாளை நீட்டினேன், விளக்கு பளிச்சென்று எரிந்தது. வந்தவர்களில் மூத்த அம்மாள் எத்தனை நாள் பழசு என்று கேட்க, இரண்டும் ஒரே நாளில் செய்தவை, முப்பத்தெட்டு நாள் ஆகிறது என்றேன். பேராசிரியர், "ரெண்டையும் ஒப்பிட்டுக் காட்டத்தான் நாங்க..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தி, "இல்லைங்க, இது இவங்க செஞ்சது. நான் வேண்டாம்னு சொன்னேன்" என்று சொல்லிவிட்டார். அதுவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்த நான் போய் அவருக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். மூன்று வருஷம் நடத்தலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் என் வேலையை என் முன்னாலேயே என் வேலை என்று ஒருவர் சொல்லிக் கேட்டது அன்றுதான்.

வலி நின்றுவிட்டது என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடைவாய்ப் பல்லை உடனே டாக்டரிடம் காட்டு, வலி நின்றால் பல் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. இருவரும் மனமொத்து, உடம்புக்கு ஒரு குறையும் வராமல் நெடுங்காலம் நன்றாயிருங்கள்.

எப்போதும் உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா