வெயில் இல்லை, செல்வி

என் செல்விக்கு,

முதலில் நல்ல சேதி. நீ சொன்னதுதான் சரி. தில்லி வெயில் தோற்றுவிட்டது.

நம் லேபில் அந்த மே மாதம் நினைவிருக்கிறதா? சூடு, காயம், பட்டினி என்று எது வந்தாலும் தன்னைக் காத்துக்கொள்ள செல் உண்டாக்கும் புரதம், மார்பகக் கட்டிகளில் அளவுக்கு மீறி இருப்பதாக ஸ்லைடைக் காட்டினாய். அதைப் பார்த்தே புற்றுநோயை அடையாளம் காணலாம், அதைத் தடுத்தால் அந்தச் செல்லே சாகும் என்றாய். கைடு சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது கட்டியோட புரதமா, நம்ம ஊர் வெயிலோட புரதமாம்மா? ஆபரேஷன் தியேட்டர்லேர்ந்து லேபுக்கு வர்றதுக்குள்ள வெந்தே போயிருக்குமே!"

எல்லோரும் சிரித்தோம். "குளிர்காலத்துல திரும்பப் பண்ணலாம்டி" என்று என்னிடம் மட்டும் சொன்னாய். அதற்குள் டெங்கு வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது. போயும் போயும் ஒரு கொசுவிடமா தோற்பாய்?

காரியம் முடிந்த அன்று, உங்கள் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அவ இவ்வளவு பாடுபட்டது வெறும் வெயில்தானாடி?"

ஜனவரியில் திரும்பச் செய்தோம். கட்டியை வெட்டியெடுத்த கையோடு ஐஸில் வைக்க வேண்டும். லேப் ஐஸ் பெட்டியின் மூடிதான் உனக்குத் தெரியுமே, உடைசல். அம்மா உன் காபி ஃபிளாஸ்க்கைக் கழுவிக் கொடுத்தார். தியேட்டர் வாசலில் வார்டு பாய், "மேடம்ஜி, சாய் லாயீ ஹைன் க்யா?" என்று, டீ கொண்டுவந்திருக்கிறேனோ என்ற ஆசையில் எட்டிப் பார்த்தார். பாவம், உள்ளே ஐஸ்.

கட்டியும் அதன் பக்கத்து நல்ல திசுவும் ஒரே ஃபிளாஸ்க்கில்தான் வந்தன. அந்தப் புரதம் இருந்தால் பழுப்பாகும் சாயத்தைப் போட்டதும் கட்டி நல்ல பழுப்பு, நல்ல திசு வெளிறியே கிடந்தது. வெயில் செய்த வேலையென்றால் இரண்டுமே பழுப்பாகியிருக்க வேண்டுமே. ஒன்றிரண்டு கட்டிகள் அடம்பிடித்தன. மற்றதெல்லாம் உன் பக்கம்.

"வெயிலை விட்டுடலாம். கட்டுரையில செல்வி பேரை முதல்ல போடும்மா" என்றார் சார். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். அந்தப் புரதத்தைத் தடுக்கும் மருந்து இன்னும் லேப் தட்டில் வளரும் செல்களைத் தாண்டவில்லை. அது மெதுவாகத்தான் வரும்.

அம்மாவிடம் ஓடினேன். "அப்ப வெயில் இல்லையே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அழுதார். பிறகு காபி போட்டார். ஃபிளாஸ்க்கை நீட்டினால் வாங்கவில்லை. "அவ வேலை முடியட்டும், அங்கயே இருக்கட்டும்."

இந்த மே மாதமும் அதில் ஐஸ் நிரப்புவேன், செல்வி. காபிக்கு உன் வீட்டுக்கே போய்க்கொள்கிறேன்.

உன் அம்மாவை அம்மா என்றே கூப்பிடும்
உன் தங்கை கலா