மூன்றாவது உரப்பை

மாமி,

இன்று காலை ஸ்பிரிட் போத்தலைத் திறந்தேன். மூடி கழன்றதும் மூக்கில் ஏறும் அந்தக் குளிர்ந்த மணம். ஊசி போடுவதற்கு முன் தாதி பஞ்சால் துடைப்பாவே, அதே மணம். துணுக்காயிலிருந்து ஒருவர் பதினாறு இசைத்தட்டுகளை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டுவந்து தந்துவிட்டுப் போயிருக்கிறார். காய்ச்சி வடித்த நீரில் ஸ்பிரிட்டை அளந்து ஊற்றி, இரண்டு துளி சவர்க்காரக் கரைசல் விட்டு, கழுவும் மெஷினைப் போடவேண்டியதுதான் வேலை. போடவில்லை. போத்தலை மூடிவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் கண்ணை மூடிப் பதினொரு மாதம். சுற்றிவளைத்துக் கதைக்கத் தெரியாதவன் என்று ஊரே சொல்லும். அப்படிப்பட்டவனுக்கு இந்த ஒரு விசயத்தைச் சொல்ல இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

அந்த மெஷினை நான் முதன்முதலில் ஓடவிட்ட நாள் உங்களுக்கு நினைவிருக்கும். வவுனியாவில் ஒரு பல் வைத்தியர் கழித்துவிட்ட தொட்டி. காதுக்குக் கேட்காத அதிர்வைத் தண்ணீருக்குள் அனுப்பினால், கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் உண்டாகி உடைந்து, இசைத்தட்டின் வரிகளுக்குள் இறுகிக் கிடக்கும் அழுக்கைத் தட்டி எடுக்கும். தட்டுகளை மெதுவாகச் சுற்ற ஒரு பழைய வான் வண்டியின் வைப்பர் மோட்டாரைப் பூட்டியிருந்தேன். நம் இரண்டு வளவுக்கும் நடுவிலுள்ள வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தீர்கள்.

"இது எங்கையிருந்து தம்பி?"

"பல்லு டொக்டரிட்டை எடுத்தனான் மாமி."

"அப்ப றெக்கோட்டுக்கும் பல்லு விளக்கப் போறாய். நல்லது. என்ரை கட்டுப்பல்லையும் ஒருக்கால் போட்டுத் தாவன்."

உங்கள் இசைத்தட்டுகள் மண்ணுக்குள் இருந்து வந்தவை. யுத்தத்தின் கடைசி இடப்பெயர்வின்போது மாமா, வீட்டுக்குப் பின்னால் ஆழமாகக் கிடங்கு வெட்ட, நீங்கள் சேலையில் பொதிந்து, உரப்பைகளால் சுற்றி இறக்கினீர்கள். உடையார்கட்டில் மாமாவை இழந்து, செட்டிகுளம் முகாமில் இருந்து, நீங்களும் மகள் சுகி அக்காவும் மட்டும் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்து அந்தக் கிடங்கைத் தோண்டினீர்கள். சுகி அக்கா கலியாணம் முடித்துக் கனடா போன பிறகு, அலுமாரியும் தட்டுகளும் நீங்களும் என்று ஆகிவிட்டது. கேட்பதற்குப் பாட்டுப்பெட்டி இல்லை. ஆனாலும் வருசத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்து வைப்பீர்கள்.

பத்தொன்பது தட்டுகளை இரண்டு நாளில் கழுவினேன். தொட்டியின் அடியில் செம்மண் வண்டலாகப் படிந்தது. முதல் தட்டை நான் போட்டுக் காட்டியபோது நீங்கள் வாசல்படியில் இருந்துவிட்டீர்கள். "தண்ணிக்குள்ளாலை எழும்பி வந்த மாதிரிக் கிடக்கு," என்றீர்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகுதான் இருபதாவது தட்டைக் கொண்டுவந்தீர்கள். கடையில் வாங்கியதல்ல. கலியாணத்துக்கு முன் மாமா கொழும்பில் வானொலி திருத்தும் கடையொன்றில் வேலை செய்தபோது, அங்கிருந்த பழைய பதிவு மெஷினில் தன் குரலைத் தட்டில் வெட்டி உங்களுக்குத் தபாலில் அனுப்பியது. "கடிதம் எழுத அலுப்பு அந்த மனிசனுக்கு. அதுதான் கதைச்சு அனுப்பினவர்," என்று சொல்லும்போது உங்கள் முகம் கொஞ்சம் வேறாக இருந்தது. உலகத்தில் ஒரே ஒரு பிரதி. வன்னியில் கரண்ட் இல்லாமல் போன காலத்திலிருந்து நீங்கள் அதைக் கேட்கவில்லை. சுகி அக்கா கேட்டதே இல்லை.

"தம்பி, இதுக்கு மட்டும் தண்ணி வேண்டாம். அவர் ஈரத்துணி வைக்கவும் விடமாட்டார். நான் காய்ஞ்ச பட்டுத் துணியாலைதான் துடைக்கிறனான்."

"மாமி, துணியாலை துடைச்சால் மண் வரிக்குள்ளை போய்க் கீறும். மெஷின்தான் நல்லது."

"அவர் சொன்னதைச் சொன்னனான்."

"அவருக்கு அப்ப இந்த மெஷின் தெரியாதெல்லோ."

அப்படித்தான் சொன்னேன். வானொலிக் கடையில் வேலை செய்த மனிதனைப் பற்றி, தொழில்நுட்பக் கல்லூரிச் சான்றிதழ் வைத்திருக்கிற நான் சொன்னேன். நீங்கள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தட்டைத் தந்தீர்கள். தந்ததற்குக் காரணம் என் படிப்பில் இருந்த நம்பிக்கை என்று அப்போது நினைத்தேன். அந்தப் பத்தொன்பது தட்டுகள்தான் காரணம்.

இனி எழுதப்போவது உங்களுக்குத் தெரியாதது.

அன்று பின்னேரம், கழுவுவதற்கு முன் அதை ஒருமுறை போட்டுப் பார்த்தேன். மண் இரைச்சலுக்குள்ளால் மாமாவின் குரல் வந்தது. பதிவு செய்யும் வயர் மேசையிலேயே கிடந்தது. முதலில் பதிவு செய்திருக்கவேண்டும். எதையும் கழுவுவதற்கு முன் இருப்பதைப் பிரதி எடுத்துவை என்பது இந்த வேலையின் அரிச்சுவடி. கழுவிய பிறகு ஒரேயடியாகத் துப்புரவாக எடுக்கலாம், இரண்டு வேலை எதற்கு என்று விட்டுவிட்டேன். மண் விடாப்பிடியாக இருந்ததால் ஸ்பிரிட்டை வழக்கத்தைவிடக் கூட ஊற்றினேன்.

மாமி, அந்தத் தட்டு மற்றவற்றைப்போல வினைல் பிளாஸ்டிக் அல்ல. அலுமினியத் தகட்டின் மேல் பூசிய ஒரு வகை மெருகு. அந்த மெருகில்தான் குரல் வெட்டப்பட்டிருந்தது. ஸ்பிரிட் பட்டால் அது இளகும். தூக்கிப் பார்த்தபோதே பாரம் வேறாக இருந்தது. விளிம்பில் வெள்ளி நிறம் தெரிந்தது. பார்த்தேன், யோசிக்கவில்லை. நாலாவது நிமிடம் தண்ணீர் கறுத்தது. அழுக்குத்தான் கழன்று போகிறது என்று சந்தோசப்பட்டேன். பிறகு மெருகு சுருங்கி, பாலாடைபோலக் கிளம்பி, துண்டுதுண்டாக மிதந்தது. சுவிட்சை நிறுத்தியபோது கையில் இருந்தது வெறும் தகடு. நடுவில் ஒட்டியிருந்த தாளில் மட்டும் மாமாவின் கையெழுத்தில் உங்கள் பெயர் அப்படியே இருந்தது. தாள் நனையக்கூடாது என்று இரண்டு பக்கமும் ரப்பர் வைத்து இறுக்கியிருந்தேன். அதில் நான் மிகக் கவனம்.

வேலியைத் தாண்டி வந்தேன். நீங்கள் குசினிக்குள் மா அரித்துக்கொண்டிருந்தீர்கள். உண்மையைச் சொல்லத்தான் வந்தேன் என்று எழுத ஆசை. ஆனால் வரும் வழியிலேயே வசனம் தயாராகிவிட்டது.

"மாமி, இது ஏற்கனவே பழுதாப் போச்சு. கிடங்குக்குள்ளை ஈரம் இறங்கி மண் தின்றுபோட்டுது. தண்ணியிலை வைச்ச உடனை கழண்டு போச்சு."

மாக்கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் தகட்டை வாங்கினீர்கள். திருப்பிப் பார்த்தீர்கள். நீங்கள் ஏசியிருந்தால் நான் தப்பியிருப்பேன்.

"நான் செய்த வேலை," என்றீர்கள். "இதுக்கு மூண்டு பை சுத்தச் சொன்னவர் அந்த மனிசன். மூண்டாவதை நான் அரிசி கொண்டுபோக எடுத்திட்டன். வேறை பை இருக்கேல்லை."

அப்போது நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். நீங்களோ எனக்கு ஆறுதல் சொன்னீர்கள்: "நீ என்ன செய்யிறது தம்பி, உன்னிலை என்ன பிழை?" அந்தக் கையோடு ரொட்டி சுட்டு, சம்பலோடு தந்தீர்கள். நான் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வருசத்துக்கு மேல் இருந்தீர்கள். வருகிறவர்களிடம் எல்லாம் அந்தப் பையைப் பற்றிச் சொன்னீர்கள். கோயில் வாசலில், சங்கக் கடையில், ஒருநாள் என் அம்மாவிடம், நானும் பக்கத்தில் நிற்க. ஒவ்வொரு முறையும் அடுத்த முறை சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். எனக்கு ஏச்சு வாங்கப் பயமில்லை. பத்தொன்பது தட்டுகளைக் கழுவிக் கொடுத்த கெட்டிக்காரன் என்ற பெயரை விட மனம் வரவில்லை, அவ்வளவுதான். அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. மாமாவின் குரலை நான் கேட்டேன் என்று உங்களிடம் சொல்லவே முடியாமல் போனது. குரல் இருந்தது என்று சொன்னால், மண் தின்னவில்லை என்று ஆகிவிடுமே. அதனால், அவர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து விழுங்கிவிட்டேன்.

போன மாதம் சுகி அக்கா உங்கள் வீட்டைப் பார்க்க வந்திருந்தா. அலுமாரியைத் திறந்து தட்டுகளை எனக்கு எடுத்துத் தந்துகொண்டிருந்தவ, அந்தத் தகடு வந்ததும் நிறுத்தினா.

"இதைக் காணவே ஏலாது எனக்கு," என்றா. "அந்தப் பையிலை கொண்டுபோன அரிசியை ஆர் சாப்பிட்டது? நானும் அம்மாவும்தானே. கனடாவிலையும் சோறு போடேக்கை சில நேரம் நினைப்பு வரும்."

பொய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. நின்ற நிலையிலேயே சொன்னேன். "அக்கா, பையிலை பிழையில்லை. இரண்டு பையே போதும். தட்டு நல்லாத்தான் இருந்தது. நான்தான் கரைச்சனான்."

தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பிறகு, "அம்மாட்டைச் சொன்னனியோ?" என்றா.

"இல்லை."

"ஏனடா?"

பிறகு அவ கேட்டது ஒன்றுதான்: "அப்பா என்ன சொன்னவர்?" எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, தகட்டை உறைக்குள் போட்டு என் கையில் வைத்தா. "இது உன்னட்டை இருக்கட்டும்," என்று மட்டும் சொன்னா. மன்னித்துத் தந்தாவா, தண்டனையாகத் தந்தாவா, எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

துணுக்காய்க்காரர் கொண்டுவந்த கட்டுக்குள் ஒரு தட்டு கொஞ்சம் பாரமாக இருக்கிறது. விளிம்பை இன்னும் பார்க்கவில்லை. அவரை நாளைக்கு வரச்சொல்லியிருக்கிறேன். அவர் கதைத்து முடியும்வரை ஸ்பிரிட் போத்தல் மூடியே இருக்கும்.

மாமி, உங்களுக்கு வரவேண்டியதைத் தந்துவிடுகிறேன். நான் கேட்டது இவ்வளவும்தான். முதலில் ஒரு செருமல். பிறகு, "கேக்குதோ? இஞ்சை வெளியிலை சரியான மழை. கடையிலை ஒருத்தரும் இல்லை. மெஷினுக்கு முன்னாலை இருந்து தனியக் கதைக்க வெக்கமாக் கிடக்கு. பாட்டுப் படிக்கச் சொன்னனீர். படிக்கிறன், சிரிக்காதேயும்." இரண்டு அடி பாடினார். மேலே போகும் இடத்தில் குரல் உடைந்து அவரே சிரித்துவிட்டார். மழைச் சத்தம்கூடக் கேட்டது. அல்லது அது மண்ணோ தெரியாது. பிறகு, "சரி, அது கிடக்கட்டும். இஞ்சாரும், நான் சொல்ல வந்தது என்னெண்டால்..."

அந்த இடத்தில் ஊசியைத் தூக்கிவிட்டேன். சோதித்துப் பார்க்க அவ்வளவு போதும் என்று.

மிச்சம் உங்களுக்குத்தான் தெரியும்.