பதினாலு நாளுக்குப் பெயர் பதினைந்து

அன்புள்ள மருமகளுக்கு,

ஈரேழு உலகத்து லிஃப்டுகளையும் ஒற்றை ஸ்பானரால் ஏற்றி இறக்கும் உன் மாமா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நேற்று கிடைத்த வெற்றிக்கு ஊரில் பீரங்கி முழங்கியிருக்க வேண்டும். முழங்கவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

எங்கள் லிஃப்ட் கம்பெனியில் போன் மேசை உன் அத்தையுடையது. பிரெஞ்சிலேயே படித்து வளர்ந்தவள். பிரெஞ்சுக்காரர் கணக்கில் இன்றைய நாளும் சேர்த்தி. இரண்டு வாரத்தைப் பதினைந்து நாள் என்பார்கள். ஒரு திங்கட்கிழமை, இங்கிலீஷ் மட்டுமே பேசும் ஹோட்டல்காரரிடம் அதே கணக்கில், பதினைந்து நாளில் ஆள் வருவார் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டாள். அவள் மனதில் இரண்டு வாரம் கழித்து வரும் திங்கள். அவர் மறுநாளிலிருந்து எண்ணிச் செவ்வாய் என்று குறித்துக்கொண்டார்.

திங்களன்று யானைக்குட்டி கனத்தில் கருவிப்பெட்டியோடு போய் நின்றேன். லிஃப்ட் நிறைய ஆட்கள். காவலாளி வாசலோடு திருப்பி அனுப்பினார். செவ்வாயன்று எல்லா லிஃப்டையும் நிறுத்திவிட்டு எனக்காகக் காத்திருந்தார்களாம். தங்கியிருந்தவர்கள் ஒன்பது மாடியும் நடந்தே ஏறினார்களாம். அவர்கள் விட்ட சாபம்தான் என் முழங்காலில் இறங்கியிருக்கிறது.

முதலாளி அத்தையைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை நாள் மாறுச்சுன்னா இந்த மேசைக்கு வேற ஆள் பாக்க வேண்டியதுதாம்மா" என்று சொல்லிவிட்டார். பதினோரு வருஷ மேசை. வீட்டுக்கு வந்தவள் வாயே திறக்கவில்லை. உன் அத்தை பேசாத வீட்டில் சூரியன்கூட உதிக்கத் தயங்கும்.

நான் சும்மா இருப்பேனா? இங்கிலீஷின் நாள் கணக்கு வார்த்தைகளுக்கெல்லாம் நாற்பது பக்க அட்டவணை தயாரித்தேன். புரட்டிப் பார்த்தவள், "இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மென்டே வந்துடும், நகருங்க" என்றாள். மறுநாள் போனுக்கு நேரே பெரிய காலண்டர் ஒன்றை மாட்டினாள். யார் என்ன வார்த்தை சொன்னாலும் சரி, கிழமையும் தேதியும் கேட்டு, சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, திருப்பி ஒருமுறை சொல்லாமல் போனை வைப்பதில்லை.

நேற்று அதே ஹோட்டல்காரர் கூப்பிட்டார். ஆறு லிஃப்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமாம். எப்போது என்பதற்கு, அத்தை ஜென்மத்தில் கேட்டிராத ஓர் இங்கிலீஷ் வார்த்தையைப் போட்டார். பக்கத்திலேயே முதலாளி. நான் மூச்சை அடக்கியதில் அந்த அறையில் காற்று உபரியாகிவிட்டது. அத்தை அசரவில்லை. "தேதி சொல்லுங்க சார், எழுதிக்கறேன்" என்று இங்கிலீஷில் கேட்டாள். ஸ்பீக்கரில் தாள் புரளும் சத்தம். அவர் நினைத்த நாளில்தான் முந்நூறு பேர் மாநாட்டுக்கு வருகிறார்களாம்! "நல்லவேளை கேட்டீங்கம்மா" என்று சொல்லி வேறு தேதி கொடுத்தார்.

இனி எல்லா மேசைக்கும் ஒரு காலண்டர் என்று முதலாளி உத்தரவு போட்டுவிட்டார். அத்தையின் மேசை அத்தைக்கே. சிவப்புப் பேனா வாங்கிக் கொடுத்தது நான் என்பதைச் சரித்திரம் மறக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தாள். சீக்கிரம் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு முந்தைய கடிதத்திலும் அதுதான், அதற்கும் முந்தையதிலும். இப்போது சமையலறைக் காலண்டருக்கு முன்னால் பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். மை காய்ந்துவிடும். எங்களுக்கு ஒரு தேதி எழுது, கண்ணு.

எத்தனையாவது மாடியில் இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

ஆசிகளுடன்,
லிஃப்ட் சக்கரவர்த்தியாகிய
உன் மாமா