சுவரைத் துளைக்காத தோட்டா

பதிவு 88 | கப்பல் நேரம் 08:10

சரக்குக் கப்பல் 'சங்குமாலை'. எழுதுபவர் ரோஸ்லின் பர்னாந்து, ஆயுத அறைப் பொறுப்பு. சனிக்கோளின் நிலவான டைட்டனில் இருக்கும் குடியிருப்புக்கு மருந்து ஏற்றிப் போகிறோம். ஆட்கள் ஐந்து பேர்.

மாதச் சோதனை முடிந்தது. கைத்துப்பாக்கிகள் எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. விளையாட்டுகளில் விண்கப்பலுக்குள் ஆளுக்கொரு பீரங்கியைத் தூக்கிக்கொண்டு சுடுவார்கள். உண்மையில் ஒரே ஒரு தோட்டா சுவரைத் துளைத்தால் சுட்டவனும் சேர்ந்து சாவான். அதனால் எங்கள் தோட்டா செம்புத்தூளை அழுத்திச் செய்தது. உடம்பில் பட்டால் ஆளைச் சாய்க்கும், இரும்பில் பட்டால் பொடியாகிவிடும்.

எடையில்லாத இடத்தில் சுட்டால் சுட்டவரே பின்னால் பறப்பார். அதற்காக இடுப்பு வாரை முதலில் சுவர்க்கொக்கியில் மாட்டச் சொல்லி எல்லாரையும் பழக்கியிருக்கிறேன். எஞ்சின் பார்க்கும் என் தம்பி ஜெபஸ்டின் இதற்கு 'மாடு கட்டுறது' என்று பெயர் வைத்திருக்கிறான். அவன் வாயைத் தைத்தால்தான் இந்தக் கப்பலில் நிம்மதி.

பதிவு 89 | 13:40

பெயர்ப் பலகை இல்லாத கப்பல் ஒன்று பின்னாலேயே வந்து எங்கள் வெளிக்கதவில் ஒட்டிக்கொண்டது. கூப்பிட்டோம், பதில் இல்லை. கேப்டன் சுலைமான் காக்கா (அவர் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) எல்லாரையும் விண்வெளி அங்கி போட்டுக்கொண்டு நடைவழியில் நிற்கச் சொன்னார். துப்பாக்கிகளைக் கொடுத்தேன்.

ஆயுத அறைக்காரர் உள்ளே பூட்டிக்கொள்வது எங்கள் வழக்கம். மிச்ச ஆயுதம் வந்தவன் கைக்குப் போகக்கூடாது. பூட்டிக்கொண்டேன். என் அங்கி நடைவழியில்தான் தொங்குகிறது. கேமராவில் நான்கு பேரும் தெரிகிறார்கள். ஜெபஸ்டின் என் கதவுக்கு நேர் வெளியே நிற்கிறான்.

பதிவு 90 | 13:52

ஜெபஸ்டின், ரேடியோவில்: "யக்கா, கையுறை போட்டா வெரலு விசை வளையத்துக்குள்ள நொழையல. விசையத் தொடவே முடியல."

இவற்றை வாங்கும்போது துறைமுகக் கடையில் எல்லாரும் சேர்ந்துதான் சுட்டுப் பார்த்தோம். ஒரு கையில் டீ, மறுகையில் துப்பாக்கி. வெறும் கை. யாருக்கும் கையுறை ஞாபகம் வரவில்லை. எனக்கும்தான்.

சுலைமான் காக்கா: "வலது கைய மட்டும் களட்டிருங்க. சுட்டு முடிச்சிட்டு மாட்டிக்கலாம்."

நான்கு பேரும் கழற்றிவிட்டார்கள். கையுறை இல்லாத அங்கி மூடி இல்லாத பாட்டில். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் எதை வைத்துச் சுடுவார்கள்?

பதிவு 91 | 14:05

வந்துவிட்டார்கள். ஆறு பேரோ ஏழு பேரோ. தலை முதல் கால் வரை கெட்டியான கவச அங்கி. நம்மவர்கள் கொக்கியை மாட்டிக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடியே சுட்டார்கள். குறி ஒன்றுகூடத் தப்பவில்லை. தோட்டா எல்லாம் அவர்கள் நெஞ்சில் பட்டு மாவாக உதிர்ந்தது.

அவர்கள் திருப்பிச் சுடவில்லை. ஒருவன் மட்டும் திரும்பிப் போய் வெளிக்கதவுப் பிடியில் கை வைத்தான்.

புரிந்துவிட்டது. "கையுறைய மாட்டுங்க, எல்லாரும் கையுறைய மாட்டுங்க" என்று கத்தினேன்.

பதிவு 92 | நேரம் பார்க்கவில்லை

அவர்கள் கப்பல் சற்று விலகியதும் வெளிக்கதவு, உள்கதவு இரண்டையும் ஒன்றாகத் திறந்துவிட்டார்கள். நடைவழிக் காற்று மொத்தமும் போய்விட்டது. கழற்றி வைத்த கையுறைகளும் காற்றோடு போயின. கொக்கியில் மாட்டியிருந்ததால் ஆட்கள் மட்டும் போகவில்லை. காக்கா அசையவில்லை. மற்ற இருவரும் அசையவில்லை.

ஜெபஸ்டின் வலது கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு என் கதவில் சாய்ந்திருக்கிறான். மணிக்கட்டு வழியாகக் காற்று கசிகிறது. தொட்டியில் இருப்பது தீரும்வரை தாங்கும்.

கதவை உள்பக்கமாக இழுத்துத்தான் திறக்க வேண்டும். உள்ளே காற்று, வெளியே ஒன்றுமில்லை. பத்து பேர் சேர்ந்து இழுத்தாலும் வராது. தெரிந்தும் இழுக்கிறேன். காலைச் சுவரில் ஊன்றி இழுக்கிறேன்.

"யக்கா, இழுக்காத. தொறந்தா நீயும் போயிருவ."

"வாய மூடு. கைய நல்லா இறுக்கிப் பிடி."

"கை மரத்துப் போச்சு. வலிக்கல. நெசமாத்தான் சொல்றேன், வலிக்கல."

என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்கிறான். சின்ன வயதிலிருந்தே அவனுக்குப் பொய் சொல்ல வராது.

பதிவு 93

கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். ஜெபா. ஜெபா. டேய்.

பதிவு 94

அவனுடைய அலைவரிசையில் வேறொரு குரல். வயதான ஆள், தன்மையாகப் பேசுகிறான்.

"உள்ள இருக்கிற அம்மா, நாங்க ஒண்ணும் அவசரப்படல. மருந்தும் வேணும், கப்பலும் வேணும். பாத்தோம், செவுத்துல ஒரு கீறல் இல்ல. நல்ல துப்பாக்கியாத்தான் வாங்கிருக்கீங்க."

இங்கே மேசைமேல் இன்னும் இரண்டு துப்பாக்கிகள் இருக்கின்றன. என் கைக்கு அளவாக, வெறும் கைக்கு அளவாக. எடுத்து என்ன செய்ய?

"கதவுகிட்ட இருக்கிற பையன் உங்க ஆளா? வந்து எடுத்துக்குங்க. காத்து விட்டுத் தாறோம்."

வெளிக்கதவை மூடிவிட்டார்கள். நடைவழியில் காற்று நிரம்பும் சத்தம் கேட்கிறது. காற்றழுத்தமானியின் முள் ஏறுகிறது. பாதி. முக்கால்.

என் அறையும் நடைவழியும் ஒரே அளவுக்கு வந்துவிட்டன.

இப்போது இழுத்தால் கதவு வந்துவிடும்.