அந்த ஹெல்மெட் முகிலுக்கு வேண்டாம், அண்ணா

என் பாசத்துக்குரிய தடிமாட்டு அண்ணனுக்கு,

இப்படிக் கூப்பிட்டால் செருப்பைக் கழற்றிக்கொண்டு வருவாய். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் கதவையே பார்த்தேன். வரவில்லை. சரி, நானே பேசுகிறேன்.

முதலில் அபுதாபி செய்தி. வாராவாரம் இருந்த வியாழக்கிழமை லீவை எடுத்துவிட்டுச் சனிக்கிழமை கொடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிடித்த சனி இப்போது வீட்டில் பிடிக்கிறது. நம் குட்டித் தம்பி முகிலுக்கு ஏழு வயது, முன்பல் இரண்டும் காலி. நீ ஆடிய அதே மைதானத்தில் அவனும் சேர்ந்துவிட்டான். ஆமாம், அதே அமெரிக்க ஃபுட்பால்தான். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவது, ஓடுகிறவனைக் கட்டிப்பிடித்துச் சாய்ப்பது. "ஃபுட்பாலாம், ஒருத்தனும் காலால தொடக் காணோம்" என்று அப்பா இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

அம்மா எப்படி விட்டாள் என்கிறாயா? அவளேதான் சேர்த்தாள். உன் உயிர் போனது அல் அய்ன் சாலையில், நண்பனின் காரில். மைதானம் உன்னை ஒன்றும் செய்யவில்லை என்பது அவள் நியாயம். அங்கே நீ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறாய் என்று நினைக்கிறாளோ?

சின்னப் பையன்களைப் பழக்க எங்களைப் போன்ற பெரிய பையன்களை உதவிக்கு வைத்திருக்கிறார் கோச். சிரிக்காதே. ஆரம்பத்தில் அவர்களுக்கு ஹெல்மெட்டும் கிடையாது, ஓட்டமும் கிடையாது. எதிரெதிரே முட்டி போட்டு, தலையை நிமிர்த்தி, கண்ணைத் திறந்து, தோளால் சாய்ந்து அணைக்க வேண்டும். தலை பக்கவாட்டில் போக வேண்டும், எதிராளிமேல் மோதவே கூடாது. முட்டி போடுங்கடா என்றால் முட்டப் போகிறார்கள். அது பழகிய பிறகுதான் ஹெல்மெட்.

அந்த வாரம் வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா உன் ஹெல்மெட்டை எடுத்து வந்தாள். உள்ளே விபூதி பூசியிருந்தாள். முகில் தலையில் கவிழ்த்தாள்.

"நான் ரெடி" என்றான் அவன். உள்ளேயிருந்து கனத்து வந்த குரல் உன்னுடையது, அண்ணா. சத்தியமாக. அம்மா கை அப்படியே நின்றுவிட்டது.

நான்தான் சொன்னேன். "அம்மா, இது வேணாம். அங்கயே சின்ன சைஸ் தர்றாங்க."

"எவன் எவனோ போட்டது எதுக்குடா? இது பிரபு போட்டது. அவன் பாத்துப்பான்."

"லூசா இருக்கும்மா."

"உள்ள துணி வச்சு அடைச்சுத் தர்றேன்."

"எனக்கு ஒண்ணுமே தெரியல" என்றான் முகில் உள்ளேயிருந்து.

முகத்தை மறைக்கும் முன்கம்பியைப் பிடித்து லேசாகத் திருப்பினேன். ஹெல்மெட் சுற்றியது, தலை அங்கேயே இருந்தது. கம்பிக்குப் பின்னால் அவன் காது வந்து நின்றது. அவன் மட்டும் சிரித்தான்.

"பாரும்மா. விழுந்தா தலை உள்ளயே போய் மோதும். இது அடி வாங்கி வாங்கி உள்ள பஞ்செல்லாம் செத்துப்போச்சு."

அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. அம்மா ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "அப்ப அவன் எப்படிடா இவன்கூட இருப்பான்?" என்றாள். உனக்குத் தெரியுமா?

மறுநாள் முகில் தலைக்குச் சரியாகப் பொருந்தும் சின்ன ஹெல்மெட்டோடு இறங்கினான். அம்மாவும் வந்திருந்தாள். நன்றாகத்தான் ஆடினான். ஒரு எகிப்துப் பையன், நல்ல பையன், சரியாகத்தான் அணைத்தான். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து விழுந்ததில் முகிலின் பின்னந்தலை தரையில் பட்டது.

அம்மா உள்ளே ஓடி வந்தாள். "பிரபு" என்று கத்திக்கொண்டே வந்தாள்.

நான் திரும்பிப் பார்த்தேன், அண்ணா. முகிலைப் பார்க்கவில்லை, பின்னால் திரும்பிப் பார்த்தேன். நீ நிற்பாய் என்று ஏன் நினைத்தேன்?

முகில் எழுந்து உட்கார்ந்தான். "அம்மா, நான் முகில்" என்றான்.

தலையில் பட்டால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது, டாக்டரைப் பார்க்க வேண்டும். அதுதான் அங்கே சட்டம். அவன் திமிறினான். "எனக்கு ஒண்ணுமில்ல. வலிக்கவே இல்ல. பிரபுண்ணா இருந்தா விட்டிருப்பான்."

விட்டிருப்பாயா? நீ வலியை மறைத்துக்கொண்டு ஆடிய நாட்களை நான் பார்த்திருக்கிறேன். என்ன சொல்வாய் என்று காத்திருக்காமல் அவனைத் தூக்கி வெளியே உட்கார வைத்தேன். என் கையைக் கடித்தான். இரண்டு பல் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

பயப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் கொஞ்ச நாள் ஓய்வு என்றார் டாக்டர். திரும்பும்போது அம்மா காரின் பின்சீட்டில் அவனோடு உட்கார்ந்தாள். முகில், தண்ணி குடிக்கிறியா? முகில், ஏசி குளிருதா? முகில், அம்மாவப் பாரு. வீடு வரும்வரை அந்தப் பெயரை விடவில்லை. முன்சீட்டில் நான் திரும்பாமல் கேட்டுக்கொண்டே வந்தேன்.

அண்ணா, ஒரு வாக்கு தருகிறேன். அவன் அழுதாலும் கடித்தாலும், அடிபட்டால் உட்கார வைப்பேன். அவனை முகிலாகவே ஆட விடுவேன். உனக்கு இந்த வீட்டில் இருக்க ஓர் இடம் வேண்டுமென்றால் அவனிடம் போகாதே, என்னிடம் வா. என் தலை உன் அளவுதான்.

மூத்தவனாக இருக்கப் பழகிக்கொண்டிருக்கும்
உன் தம்பி,
சரவணன்