பாட்டுக்கு அடியில் ஒரு குரல்

மே 2, வெள்ளி

ஸ்ட்ராபெரி ஜாம், பதினாறு பாட்டில். ஹார்லன் சூடு ஆறுவதற்குள் ஒன்றைத் திறந்து விரலை விட்டான். "தரம் பாக்குறேன்" என்கிறான். அறுபத்தெட்டு வயசு, இருதயத்தைத் திறந்து தைத்த ஆள். என் புருஷனுக்குப் புத்தி மட்டும் வளரவே இல்லை.

பாஸ்டர் எஸ்டில் போன் பண்ணினார். இருபத்தைந்தாம் தேதியோடு வெள்ளம் வந்து மூன்று வருஷம். "வழக்கம்போல உங்க சாட்சிதான் சிஸ்டர். நீங்க சொல்லாம அன்னிக்கு ஆராதனை நிறையுமா?" ஆமென் என்றேன். போனை வைத்துவிட்டு, துடைத்த மேஜையையே மறுபடியும் துடைத்தேன். ஜாம் பிசுக்கு அல்லவா.

மே 5, திங்கள்

பக்கத்து மனையில், சக்கரம் வைத்து இழுத்து வருகிற டிரெய்லர் வீடு ஒன்று வந்து இறங்கியிருக்கிறது. ஓடெலின் மகள் ட்ரீனா. ஒஹாயோ வேலையை விட்டுவிட்டாளாம். வெள்ளம் அப்பாவையும் வீட்டையும் கொண்டுபோன அதே இடத்தில் இருக்கப் போகிறாளாம்.

சோள ரொட்டியும் பீன்ஸும் கொண்டுபோனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "ஆன்ட்டி, போன வருஷம் நீங்க சொன்ன சாட்சிய வீடியோவா அனுப்பினாங்க. எத்தனை தடவை பாத்தேன்னு எனக்கே தெரியாது. அப்பா கடைசியா கேட்டது உங்க பாட்டுத்தான்னு நெனச்சாத்தான் எனக்குத் தூக்கமே வருது." அதைக் கேட்டுத்தான் கர்த்தரிடம் வந்தாளாம். இருபத்தைந்தாம் தேதி காலையில் ஓடையில் ஞானஸ்நானம். "நீங்கதான் எம் பக்கத்துல நிக்கணும்."

நிற்கிறேன் என்றேன். என் நாக்கு அழுகிப் போக.

மே 11, ஞாயிறு

சபையில் நான் பாட்டு நடத்தும்போது, மூன்றாவது சரணத்தில் வந்துவிட்டது. தகரத்தில் கட்டை அடிக்கிற சத்தம். பியானோவுக்கு அடியிலிருந்து, எல்லார் குரலுக்கும் அடியிலிருந்து. என் வாய் அசைந்தது, பாட்டு வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. பின் வரிசையில் நார்மா சொல்கிறாள்: "பாரு, நம்ம டெல்ஃபியாவுக்கு அபிஷேகம் எறங்கிருச்சு." நாலு பேர் அல்லேலூயா போட்டார்கள்.

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

அன்று காலை ஏழு மணி. சமையலறையில் மார்பளவு தண்ணீர். நானும் ஹார்லனும் கூரைப் பரணில். அவனுக்கு ஆபரேஷன் ஆகி ஐந்து வாரம்தான். பயம் போக நான் பாட ஆரம்பித்தேன். படகு வரும்வரை துதித்துக்கொண்டே இருந்தோம், கர்த்தர் காப்பாற்றினார். சபையில் சொல்வது இதுவரைக்கும்தான். இதில் பொய் ஒன்றும் இல்லை.

சொல்லாதது: ஓடெல் அவன் கொட்டகைத் தகரத்தின் மேல் இருந்தான். நாற்பதடி தூரம். தகரத்தை அடித்து அடித்துக் கூப்பிட்டான். எங்களிடம் கயிறு இருந்தது. ஹார்லன் பாட்டை நிறுத்தி, "யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்கே?" என்றான். அவனுக்கு ஒரு காது மந்தம். கயிற்றோடு தண்ணீரில் இறங்கினால் போய்விடுவான் — தையல் பிரிந்து என் கண் முன்னால் போய்விடுவான். "ஒண்ணுமில்ல, தண்ணி சத்தம். நீ பாடு" என்றேன். சத்தத்தைக் கூட்டினேன். கர்த்தருடைய நாமத்தை வைத்து ஒரு மனுஷன் குரலை அமுக்கினேன்.

ஓடெல் சபைக்கு வராதவன். குடிப்பான். "டெல்ஃபியா, நீ பாடுனா என் கோழி முட்டையிட மாட்டேங்குது" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவான். அங்கே இருந்தது நார்மாவாக இருந்திருந்தால்? அப்போதும் பாடியிருப்பேனா? இந்தக் கேள்வியைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

மே 13, செவ்வாய்

பாத்திரம் கழுவும்போதும் கேட்டது. குழாயை மூடினேன். நிற்கவில்லை.

மே 16, வெள்ளி

பாஸ்டரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். முழுவதும். ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கர்த்தர்கிட்ட அறிக்கை பண்ணியாச்சுல்ல? அவர் மன்னிச்சாச்சு. அத சபைக்குக் கொண்டுவராதீங்க சிஸ்டர். அந்தப் பொண்ணு இப்பத்தான் விசுவாசத்துல கால் வச்சிருக்கா. அவ காலை நீங்களே தட்டிவிடப் போறீங்களா?"

நல்ல மனுஷர். கெட்ட எண்ணமே கிடையாது. வீடு வரும்வரை அவர் சொன்னதுதான் சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். ட்ரீனா வாசலில் பூச்செடி நட்டுக்கொண்டிருந்தாள். "ஆன்ட்டி, ஞானஸ்நானத்துக்கு வெள்ளை கவுன் தச்சாச்சு!" என்று கையாட்டினாள். கர்த்தாவே, எந்தப் பக்கம் உம்முடைய பக்கம்? மன்னிப்பு எனக்கு என்றால், அவளுக்கு என்ன?

மே 19, திங்கள்

ஹார்லனிடம் சொன்னேன். காபியை மேஜையில் வைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்கும் கேட்டுச்சு, டெல்ஃபி."

நல்ல காதைத் தொட்டுக் காட்டினான். "அந்தக் காதுதான் மந்தம். இது நல்லாத்தான் இருக்கு. உன்கிட்ட கேட்டதே நீ இல்லன்னு சொல்லணும்னுதான். நீ சொன்னதும் எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?"

மூன்று வருஷம் ஒரே கட்டிலில். இவனைக் காப்பாற்றத்தான் பாடினேன் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, இவன் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறான். கோபம் வந்தது. பிறகு அதுவும் இல்லை. ரெண்டு பேரும் அழுதோம்.

மே 24, சனி

நாளை அவள் தண்ணீரில் இறங்குகிறாள். நான் பாடின பொய்யை நம்பி இறங்குகிறாள். முடியாது.

மத்தியானம் போனேன். அந்தச் சின்ன சோபாவில் உட்கார்ந்து சொன்னேன். பாஸ்டரிடம் சொன்னபோது வந்த அழுகை அங்கே வரவில்லை. அழுதால் அவள் என்னைத் தேற்றிவிடுவாளோ என்று பயந்து கண்ணீரை விழுங்கினேன்.

"எவ்வளவு நேரம் கூப்பிட்டாரு?"

"ரெண்டு சரணம். மூணாவதுல பாதி வரைக்கும்."

"பாட்டை வச்சு எண்ணியிருக்கீங்க." சிரித்தாளா என்ன, தெரியவில்லை. பிறகு எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். "போங்க ஆன்ட்டி. ப்ளீஸ், போயிடுங்க."

அவள் விசுவாசத்தை நானே உடைத்தேனா? இல்லை, உடைந்ததை மூடி வைத்திருந்த துணியை எடுத்தேனா? இப்படியெல்லாம் அழகாகச் சொல்லித்தான் மூன்று வருஷம் ஓட்டினேன். உடைத்தேன். அவ்வளவுதான்.

மே 25, ஞாயிறு

ஓடைக் கரையில் அவள் இல்லை. வேறு இரண்டு பேருக்கு ஞானஸ்நானம் நடந்தது. அவளுக்கு என்று மடித்துக் கொண்டுவந்த துண்டு என் கையிலேயே இருந்தது.

ஆராதனையில் பாஸ்டர் என் பெயரைச் சொன்னார், கண்ணால் கெஞ்சினார். எழுந்து நின்று இருப்பதை இருந்தபடி சொன்னேன். துதித்துக்கொண்டே ஒரு மனுஷனைச் சாகவிட்டேன் என்றேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. பக்கத்தில் பெஞ்சு கிறீச்சிட்டது, ஹார்லன் எழுந்தான். "எனக்கும் கேட்டுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

வெளியே வரும்போது நார்மா கை கொடுக்கவில்லை. பாஸ்டர் கொடுத்தார், குளிர்ந்த கை. அடுத்த வாரம் முதல் பாட்டு நடத்த வேறு ஆள்.

ஜூன் 3, செவ்வாய்

சத்தம் நிற்கும் என்று நினைத்தேன். பைத்தியக்காரி. அப்படியேதான் கேட்கிறது.

ஜூன் 12, வியாழன்

காலை பத்து மணிக்கு ட்ரீனா வந்தாள். கதவைத் தட்டாமல் வலைக்கதவுக்கு வெளியே நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ. கண் இரண்டும் குழி விழுந்து கிடந்தது. உள்ளே வந்து சமையலறை நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். காபி வேண்டாம் என்றாள்.

"நீங்க ஒருத்தர்தான் முழுசாக் கேட்டது. அப்பா என்ன சொல்லிக் கூப்பிட்டாரு?"

சொன்னேன். 'டெல்ஃபியா, கயிறு போடு.' பிறகு 'ஹார்லன்'. பிறகு பெயர் எதுவும் இல்லை, குரல் மட்டும். நடுவில் ஒரு தடவை, 'என் பொண்ணுகிட்ட சொல்லு'. என்ன சொல்லச் சொன்னான் என்பது என் காதில் விழவில்லை. அங்கேதான் நான் சத்தத்தைக் கூட்டினது.

ட்ரீனா இல்லை என்று தலையசைத்தாள்.

"இப்படி இல்ல. அவரு கூப்பிட்ட மாதிரி கூப்பிடுங்க. அந்தக் குரல் எனக்கு மறந்துக்கிட்டே வருது."

முடியாதும்மா என்றேன். காத்திருந்தாள். எழுந்து, ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, என் பெயரை நானே கத்திக் கூப்பிட்டேன். அவன் கூப்பிட்ட மாதிரியே. தொண்டை கிழிந்தது. அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"இன்னொரு தடவ" என்றாள்.

போகும்போது, அடுத்த வியாழக்கிழமையும் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.