ஓரத்துக் கட்டில்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வீக்கம் வடிந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் சௌக்கியம்.

படம் எடுக்கப் பழகலாமென்று கேமரா வாங்கப் போனேன். "வீட்டுல எடுத்துப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று கடைக்காரர் இரண்டைக் கொடுத்தனுப்பினார். அறை வாசலில் நின்று, ஒரே லென்ஸை இரண்டிலும் மாற்றிப் போட்டு எடுத்தேன். சின்ன சென்சார் வைத்த கிராப் கேமராவில் என் கட்டிலும் ஜன்னலும் மட்டும் விழுந்தன. பெரிய சென்சார் வைத்த ஃபுல் ஃப்ரேமில் ஓரத்துக் கட்டிலும் விழுந்தது. எந்நேரமும் குளிருது என்று புலம்புவாளே என் அறைத்தோழி, போன மாதம் தவறிப்போனவள், அவள் கட்டில். காலையில் நான் இழுத்துவிட்ட விரிப்பு, யாரோ இப்போதுதான் எழுந்துபோனதுபோல் கசங்கியிருந்தது. நானே உட்கார்ந்துவிட்டு மறந்திருப்பேன்.

கடைக்குத் திரும்பப் போய், கிராப் கேமராவையே கேட்டேன்.

"ரூம் இருட்டுன்னீங்களே மேடம், பெருசுலதான் நல்லா வரும். ஓரமும் வெட்டுப்படாது."

"வெட்டுப்படட்டுங்க."

அதில் எடுத்த படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அறை சின்னதாகத் தெரிகிறதே என்று கவலைப்படாதே.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் கம்பளி கொடுத்தனுப்பு. எனக்கு ஒன்று போதும். ஆனாலும் இரண்டாகக் கொடு.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் மகள்